கைம்மாறும் மோட்டார் சைக்கிள்

நம் கலாசாலை மாணவரிற் பலர் இக்காலத்தே பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை எவ்வாறேனும் வாங்கிவிட வேண்டுமென்று அவாவுகின்றனர். அதுவும் வீட்டிற்கும் வகுப்பிற்குமாக ஓடும் சிறு வண்டியன்று; விடுமுறை நாளில் ஏற்காட்டிற்கும் கொல்லிமலைக்கும், துணிந்தவர் இன்னும் சேய்மைக்கும் ஏறிச் செல்லத்தக்க பெருவண்டியே அவர் மனத்தில் நிற்பது. இவ்வவாவைப் பழித்தல் எம் கருத்தன்று. விரைவும் நெடும்பயணமும் ஆகிய இரண்டிற்கும் ஏற்ற வண்டியை மேனாட்டார் ஒரு தனி வகையாகவே வளர்த்துள்ளனர். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் 1976-இல் வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். என்னும் வண்டி, காற்றுச் சுரங்கத்திற் சோதித்து அமைத்த முழு முன்னுறையோடு வந்து அவ்வகைக்கு வழிகாட்டியாயிற்று. நம் நாட்டில் சாமானியர்க்கு அச்சுவையைக் காட்டியது 2003-இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா. பின்னர் 2007-இல் பஜாஜ் பல்சர் 220, 2011-இல் ஹோண்டா சி.பி.ஆர். 250 ஆர் என்பன வந்தன. கரிஸ்மா என்னும் பெயர் 2023-இல் வேறோர் எஞ்சினோடு மீண்டும் வந்ததேயன்றி, பழைய 223 சி.சி. வண்டி இப்போது செய்யப்படுவதில்லை, சி.பி.ஆர். 250 ஆர் வண்டியும் நின்றுபோயிற்று. ஆகவே அவற்றை விரும்புவோர் பிறர் கைப்பட்டதையே நாடவேண்டியவராவர்.

பழைய வண்டி வாங்குங் கலை நம் நாட்டுப்புறத்திற்குப் புதிதன்று. நாமக்கல்லிற் பழைய லாரி வாங்குவோர் எவரும் வர்ணத்தைக் கண்டு மயங்கார். சேஸிஸ் எண்ணின்மேற் படிந்த அழுக்கைத் துடைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பர், டயரைத் தடவிப் பார்ப்பர், எப்.சி., பெர்மிட், பைனான்ஸ் பாக்கி இவற்றைக் கேட்டறிந்த பின்னரே விலை பேசுவர். அத்தகையோர் வீட்டுப் பிள்ளையே தனக்கு மோட்டார் சைக்கிள் வாங்கும்போது ஸ்டிக்கரையும் சைலன்சர் ஓசையையும் கண்டு முன்பணம் கொடுத்து வருகிறான். தானமாய் வந்த மாட்டையன்றோ பல்லைப் பிடித்துப் பாராமற் கொள்வது!

வண்டியைக் காணச் செல்வோர், தாம் வரும்வரை எஞ்சினைக் கிளப்பாதிருக்குமாறு முன்னரே சொல்லிவைத்தல் நன்று. சென்றவுடன் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க. சூடாயிருப்பின், குளிர்ந்த நிலையிற் கிளம்பாத குறையை மறைத்தற்கு முன்பே ஓட்டி வைத்தனர் என்று ஐயுற இடமுண்டு. புகை நீலநிறமாய் வரின் எண்ணெய் எரிகிறதென்பது தெளிவு. முன்சக்கரத்தைத் தரையினின்று தூக்கி ஹேண்டில் பாரை மெல்லத் திருப்புக. நடுவில் ஒரு தட்டுத் தட்டி நிற்குமாயின் கோன் செட் தேய்ந்தது. பின்சக்கரப் பல்லின்மேற் படிந்த செயினை விரலாற் பின்னோக்கி இழுக்கும்போது பல் பாதி வெளித்தெரியுமாயின், செயினும் ஸ்பிராக்கெட்டும் ஒருங்கே மாற்றத்தக்கன. கிலோமீட்டர் கணக்கை நம்பற்க. இங்கிலாந்தில் மூன்றாண்டு கடந்த வண்டி ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டு, அன்றைய தூரக்கணக்கும் பதிவாகின்றது. அதனை எவரும் பார்த்தறியலாம். நம் நாட்டில் சொந்த மோட்டார் சைக்கிளுக்கு 15 ஆண்டு வரையிற் சோதனையே இல்லை. கால்வைக்கும் ரப்பரின் தேய்வே இங்குச் சாட்சி.

எஞ்சினைப் பற்றிக் கேளாதார் இல்லை. பிரேக்கைப் பற்றிக் கேட்பார் மிகச் சிலர். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டையூசி வளைவுகள் உள. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறுஞ் சாலையிலோ 70. ஏறும்போது எஞ்சின் திணறினால் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. இறங்கும்போது நிகழ்வது வேறு. டிஸ்க் பிரேக்கிலுள்ள எண்ணெய் காற்றின் ஈரத்தை நாளடைவில் உறிஞ்சுமியல்பினது. ஈரமேறிய எண்ணெய் விரைவிற் கொதிக்கும். ஆவி புகுந்த குழாயில் லீவரை எவ்வளவு அழுத்தினும் சக்கரம் பிடிபடாது. இரண்டாண்டிற்கொருமுறை மாற்றற்குரிய இவ்வெண்ணெய், கைம்மாறி வந்த வண்டியிற் பெரும்பாலும் ஆண்டுக்கணக்காய்க் கறுத்துக் கிடக்கும். அன்றியும், 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயினமை புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும் மற்றவற்றிற்கு 2019 ஏப்ரலிலுமே. அதற்கு முந்திய வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அவ்வேற்பாடு இல்லை. மணல் சிதறிய வளைவில் அதன் பொருள் யாதென்பதை விரிக்க வேண்டுவதில்லை. டயரும் அவ்வாறே. பக்கத்தில் அச்சிட்ட நான்கு இலக்கங்களைப் படித்தால் அது பிறந்த வாரமும் ஆண்டும் விளங்கும்; 2316 என்றிருப்பின் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். தேயாதிருப்பினும் அத்துணைப் பழைய ரப்பர் இறுகியதே.

எம்மைக் கேட்பின், பேசி முடித்த விலையில் நான்கிலொரு பங்கு இப்பழுதுகளுக்கென்று கையில் மிஞ்சாதவர் அவ்வண்டியை வாங்காதிருத்தல் நலம் என்போம். அவர் சிறியதொரு வண்டியை நல்ல நிலையில் வாங்குக. மாடலின் பெயரினும் முன்னையவர் பேணிய முறையே எமக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது. சர்வீஸ் சீட்டுகளைக் கோத்து வைத்தவரிடம் ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாய்க் கொடுப்பதில் நட்டமில்லை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலத்தல் 2023-இல் தொடங்கி நாடெங்கும் பரவிவிட்டமையின், அதற்கென்று செய்யப்படாத பழைய கார்புரேட்டர் வண்டிகளின் ரப்பர்க் குழாயையும் வளையங்களையும் அடிக்கடி நோக்குதல் வேண்டும்.

நிற்க. இதுகாறுங் கூறியன வாங்குவோனையும் அவன் பின்னிருப்போனையும் பற்றியன. இனிச் சொல்வது, விற்றுவிட்டோமென்று மறந்திருக்கும் நம் பழைய மாணவர்களையும் பற்றியது.

விடுதிகளில் ஒரு வழக்கம் உண்டு. மூன்றாமாண்டு மாணவர் படிப்பு முடிந்து செல்லுங்கால் தம் வண்டியை இளையாரிடம் விற்றுச் செல்வர். அவர் தமக்கு இளையாரிடம் விற்பர். பணம் கைம்மாறும், சாவி கைம்மாறும், ஆர்.சி. புத்தகமும் கைம்மாறும், பெயர் மட்டும் மாறுவதில்லை. ‘அண்ணனிடம் வாங்கியது, பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்’ என்பதே இதற்குக் கூறப்படும் சமாதானம். இந்த ‘அப்புறம்’ வருவதேயில்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். விற்றவர் தருவது 29-ஆம் படிவம். பெயர் மாற்றத்திற்குரியது 30-ஆம் படிவம். கடன் தீர்ந்த வண்டியாயின் 35-ஆம் படிவமும் சேரும். விலை மலிவென்று பெங்களூரிலிருந்து கர்நாடகப் பதிவெண்ணோடு ஓட்டி வருவோர் அங்குத் தடையின்மைச் சான்று பெறுதலும் இங்கு வரி செலுத்துதலும் கடமை. அவற்றைக் கூட்டிப் பார்ப்பின் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். இன்னும் ஒன்று: 2010-இல் பதிவான வண்டிக்கு 15 ஆண்டு 2025-இல் முடிந்தது. பதிவைப் புதுப்பியாத வண்டியை வாங்குவோன் இரும்பை வாங்குகிறான்.

பெயர் மாறாமையால் விளைவதென்ன? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புரைத்தது. கார் ஒன்று அடுத்தடுத்துப் பலர் கைம்மாறியது. பதிவில் முதல் உடைமையாளர் பெயரே நின்றது. 2009-இல் அது மோதி ஒரு சிறுவன் மாண்டான். காருக்கு இன்சூரன்சும் இல்லை. பல கைகளைத் தேடி அலையுமாறு பாதிக்கப்பட்டவரைச் செய்தல் தகாது. பதிவில் எவர் பெயருளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உடைமையாளர். இழப்பீடு தரவேண்டியவரும் அவரே என்று நீதிபதிகள் முடிவு செய்தனர். நம் பழைய மாணவர் ஒருவர் சென்னையிலோ துபாயிலோ வேலையிலிருக்க, அவர் என்றோ விற்ற வண்டியை முகமறியாத இளைஞன் கொல்லிமலையில் ஓட்டுவானாயின், நீதிமன்ற அழைப்பு இவர் வீட்டுக் கதவைத் தட்டும். ஓட்டுவோனுக்கும் கேடே. உடைமையாளர்-ஓட்டுநர்க்குரிய 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு, பதிவிற் பெயருடையவரையே சாரும். அடிபட்டவன் மருத்துவமனையிற் கிடக்க, அவன் பெற்றோர் வெறுங்கையோடு நிற்பர்.

ஆதலின் எம் கோரிக்கை ஒன்று. விடுதியிலும் கலாசாலை வளாகத்திலும் வண்டி நிறுத்த அனுமதிச் சீட்டு வழங்குமுன், ஆர்.சி. மாணவர் பெயரிலோ அவர் பெற்றோர் அல்லது உடன்பிறந்தார் பெயரிலோ உளதா என்று அலுவலகத்தார் காண்பாராக. இதனாற் பழைய வண்டி வாங்கும் ஏழை மாணவர்க்குத் துன்பமென்று சிலர் கூறுவர். பெயர் மாற்றுங் கட்டணம் ஒரு டயரின் விலைக்குங் குறைவே. முதல் ஆண்டில் ஒரு மாதத் தவணை கொடுத்து, படிவம் நிரப்புதற்கு உதவ மூத்த மாணவர் இருவரை அமர்த்தினும் போதும். பழைய மாணவர்களோ அதுவரை காத்திரார்; அரசாங்கத்தின் பரிவாஹன் தளத்தில் தம் பழைய வண்டியின் எண்ணை இன்றே இட்டுப் பார்த்து, உடைமையாளர் பெயரின் முதலெழுத்துக்கள் இன்னும் தம்முடையனவாயின், வாங்கிய தம்பியைத் தேடிப் பிடித்து 29-ஆம் படிவத்திற் கையெழுத்திடுவாராக.