காது அடைத்தால் காலம் கடத்தாதீர்



குற்றாலத்தில் சாரல் காலம் என்றால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடாமல் நம்மவர்க்கு மனம் நிறைவதில்லை. நீராடியபின் காது அடைத்தால், தண்ணீர் புகுந்திருக்கும், தானே சரியாகும் என்கிறோம். பெரும்பாலும் அது உண்மையே. நீரில் ஊறிய குறும்பியோ, சளியோ அடைப்புக்குக் காரணமாகலாம். ஆயினும் இதே அடைப்பைப் போலத் தோன்றி, செவியையே பறித்துச் செல்லும் நோய் ஒன்று உண்டு.

நன்றாகக் கேட்டுவந்த காது, சில மணி நேரத்திலோ மூன்று நாள்களுக்குள்ளோ கேட்கும் திறனை இழப்பதே அந்நோய். பெரும்பாலும் ஒரு காதையே தாக்கும். இரைச்சலும் தலைசுற்றலும் உடன் வரலாம். இங்கே பழுதுபட்டது உட்செவி. நத்தைக்கூடு போன்ற அவ்வுறுப்பிலுள்ள மயிரிழை அணுக்களே ஒலியை நரம்புக்கு உணர்த்துகின்றன. அவற்றுக்குக் குருதி செல்லும் நாளம் ஒன்றே, மாற்றுவழி இல்லை. பிராணவாயு குறைந்தால் அவை நலியும். மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

இதற்கு மருத்துவர்கள் முதலில் தருவது ஸ்டீராய்டு மருந்து. அதனோடு சேர்த்துப் பிராணவாயு சிகிச்சையும் செய்யப்படுகிறது. நோயாளியை அழுத்த அறையில் வைத்து, இயல்பைவிட 2 முதல் 2.5 மடங்கு காற்றழுத்தத்தில், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்வர். அழுத்தத்தால் அது குருதிநீரிலே மிகுதியாகக் கரைந்து உட்செவியை எட்டும். இவ்வாறு 10 முதல் 20 முறை நிகழும். ஆழ்கடலில் மூழ்குவோரின் அழுத்த நோய்க்கும் இவ்வறையே மருந்து. ஆதலால் மும்பையின் அஸ்வினி கடற்படை மருத்துவமனையில் இது உண்டு. சென்னை போன்ற பெருநகரங்களில் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றிலும் உண்டு.

இது மாயமருந்தன்று. 2019இல் அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் கழகம் வெளியிட்ட நெறிமுறை, இதனை ஸ்டீராய்டுக்குத் துணையாக மட்டுமே ஏற்கிறது: நோய் கண்ட இரண்டு வாரங்களுக்குள் தொடங்கலாம், முதல் மருத்துவம் பலிக்காவிடில் ஒரு மாதத்துக்குள் முயலலாம். ஆறு மாதம் வாளாவிருந்துவிட்டு, நகையை அடகு வைத்துப் பெருநகருக்கு ஓடுவதில் பயனில்லை. அப்போது துணையாவது காதொலிக் கருவியே.

ஆகவே பூண்டெண்ணெய் ஊற்றாதீர்கள்; ஊக்கால் குடையாதீர்கள். அன்றோ மறுநாளோ தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். குறும்பியா, நரம்பா என்பதை அங்குள்ள காது மருத்துவர் இசைக்கவையாலும் கேட்புச் சோதனையாலும் தெளிவார். நீரிழிவு இருந்தால் மறவாமல் கூறுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை உயர்த்தும். நுரையீரல் நோய் இருந்தாலும் மறைக்காதீர்கள். அழுத்த அறை எல்லார்க்கும் ஏற்றதன்று.

வீட்டிலுள்ள பெரியவர் ஒரு காது கேட்கவில்லை என்றால், வயதாகிவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். வயதால் வரும் செவிட்டுத்தன்மை மெல்ல மெல்ல வரும். ஒரே நாளில் வராது.