தள்ளிக்கொண்டு போன ஐந்து கிலோமீட்டர்

முப்பது வருடம் நான் சைக்கிளில்தான் அலுவலகம் போனேன். முதல் வண்டி அரசாங்கத்தின் சைக்கிள் அட்வான்ஸில் வாங்கியது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டார்கள். கோரிமேட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும்போது இறக்கம், சாயங்காலம் வரும்போது ஏற்றம். புதுச்சேரிக்காரனுக்கு அதுவே மலை. மிதித்து வீடு வந்து சேர்ந்ததற்காக யாரும் எனக்கு மாலை போட்டதில்லை.

அதனால்தான், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் பேரன் (மகள் வயிற்றுப் பேரன்) போன் செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "தாத்தா, நாங்க ஆறு பேர் பாண்டியிலேருந்து ஊட்டி வரைக்கும் சைக்கிள்ல போறோம். ஐந்து நாள், 480 கிலோமீட்டர். சிறுநீரக நோயாளிங்களுக்கு டயாலிசிஸ் செலவுக்காக நிதி திரட்டறோம். நீங்க கிலோமீட்டருக்கு எவ்வளவு தருவீங்க?"

திருவண்ணாமலை, செங்கம் வழியாகச் சேலம். அங்கே ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கி, பிறகு மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி. இதுதான் அவன் சொன்ன வழி.

"உன் சைக்கிள் என்ன விலை?" என்று கேட்டேன். சொன்னான். "அந்தப் பணத்தை அப்படியே ஆஸ்பத்திரியில் கட்டினால் எத்தனை பேருக்கு டயாலிசிஸ் ஆகும் தெரியுமா? தர்மம் செய்ய மலை எதற்கு?" என்றேன். பையன் ஒன்றும் பேசவில்லை. "சரி தாத்தா" என்று வைத்துவிட்டான்.

அப்படிக் கேட்டதில் தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். சில வருடங்களுக்கு முன் நம் ஊரில் ஒரு நிதி திரட்டும் நடைப்பயணம் நடந்தது. பனியன், தொப்பி, மேடை, மைக், போட்டோ எல்லாம் அமர்க்களம். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவானது என்று இரண்டு முறை கேட்டேன். சிரித்துக்கொண்டே டீ கொடுத்தார்கள், கணக்கு கொடுக்கவில்லை. டிசம்பர் 7 கொடி நாளுக்கு அலுவலகத்தில் உண்டியல் குலுக்கியபோதுகூட நாங்கள் சில்லறையை நாலு பேர் முன்னால் எண்ணி எழுதி வைத்தோம்.

ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம் என் அண்ணன்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதானபோது வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். சில மாதங்கள் சமாளித்தோம். பிறகு கையிருப்பு தீர்ந்தது. மூன்றை இரண்டாகக் குறைத்தோம். டாக்டர் கேட்டபோது அண்ணன், "உடம்பு தாங்கவில்லை" என்று சொன்னார். தாங்காதது உடம்பு அல்ல. எங்களுக்குத் தெரிந்த வசதியானவர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். ஒருவரிடமும் அவர் கேட்கவில்லை, என்னையும் கேட்கவிடவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு உதவித்தொகை மனு எழுதிக் கொடுத்த கை இது. சொந்த அண்ணனுக்காக ஒரு வரி எழுதவில்லை.

இந்தப் பையன்கள் மலை ஏறுவது பெரிய விஷயமில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. நூறு பேருக்குப் போன் போட்டுப் பணம் கேட்கிறார்களே, அதுதான் ஏற்றம். மலை ஒரு சாக்கு. சும்மா கேட்டால் நாம் போனை எடுக்க மாட்டோம், "ஊட்டிக்குச் சைக்கிள்ல போறேன்" என்றால் "என்னப்பா, உனக்கென்ன பைத்தியமா?" என்றாவது பேச்சு தொடங்குகிறது. கேட்க வெட்கப்படுகிற குடும்பத்துக்காக வேறொருவன் வியர்த்துக்கொண்டு வந்து கேட்கிறான்.

மூன்றாம் நாள் நானே கூப்பிட்டேன். "சாக்கு இருக்கட்டும். அந்தச் சாக்கு பணத்தைத் தின்னக் கூடாது. சாப்பாடு, அறை வாடகை, பின்னால் வரும் வேன், இதெல்லாம் யார் செலவு?" எல்லாம் அவரவர் கைக்காசாம். நன்கொடை அவர்கள் கைக்கே வராமல் நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குப் போய்விடுமாம். ரசீது நம் பெயருக்கு வருமாம். பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு 80ஜி கழிவு உண்டு என்பதையும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது என்பதையும் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பென்ஷன்காரர்களிடம் கேட்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்கிற கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஓட்டுகிறவன் டயர் பஞ்சரானால் நோயாளிக்கு ஏன் குறைய வேண்டும்? நான் மொத்தமாக ஒரு தொகை அனுப்பிவிட்டேன். என் பழைய சகா ஒருவர், என்னோடு அதே பிரிவில் இருந்தவர், கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் என்று வாக்குக் கொடுத்தார். 480 கிலோமீட்டருக்கு 2,400 ரூபாய்.

பையன்கள் ஏற்காடு ஏறி இறங்கினார்கள். நாலாவது நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி. கீழே ஏறத்தாழ 330 மீட்டர் உயரம், மேலே 1,790 சொச்சம். நடுவில் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் கடைசி ஐந்து கிலோமீட்டர் என் பேரன் கால் பிடித்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறான். வேனில் ஏறச் சொன்னார்களாம், ஏறவில்லை. மறைக்கவும் தெரியவில்லை, போட்டோவோடு எல்லாருக்கும் அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலை சகா வந்தார். "என்னய்யா, உங்க பேரன் ஐந்து கிலோமீட்டர் ஓட்டவே இல்லையே. தள்ளினதுக்கு எப்படிக் கணக்கு? நான் 2,375 ரூபாய்தான் தருவேன்." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. கணக்குப் பிரிவு மனிதர்.

அவரிடம் 1964-ஆம் வருடக் கதையைச் சொன்னேன். அப்போது நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் முசியே கப்பல் தபாலில் வந்த ஒரு பத்திரிகையை வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டினார். ஜூலை 12 அன்று, தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில், புய் தெ தோம் என்கிற பழைய எரிமலையில் ஆங்கெத்தீலும் புலிதோரும் தோளோடு தோள் உரச ஏறும் படம். மேலே போகப் போகப் புலிதோர் முந்தினார். 42 விநாடிகளை மீட்டார்; ஆனாலும் 14 விநாடி மிச்சமிருந்தது. பாரிஸில் ஜெயித்தவர் ஆங்கெத்தீல். புலிதோர் தம் வாழ்நாளில் ஒரு நாள்கூட முதலிடத்தின் மஞ்சள் சட்டையைப் போட்டதில்லை. ஆனால் ஜெயித்தவரைவிட அவர் மேல்தான் ஜனங்களுக்குப் பிரியம். அவருக்கு 14 விநாடி குறைகிறது என்று யாரும் பிரியத்தில் பிடித்தம் செய்யவில்லை.

"அவர் தள்ளிக்கிட்டுப் போகலையே" என்றார் சகா.

தள்ளுவது ஓட்டுவதைவிடக் கஷ்டம் என்பது கோரிமேடு ஏற்றத்தில் செயின் அறுந்து நடந்தவர்களுக்குத் தெரியும். அவர் அந்தக் காலத்திலேயே ஸ்கூட்டர் வைத்திருந்தவர், சொல்லிப் பயனில்லை.

அவர் 2,375 அனுப்பினார். மீதி 25 ரூபாயை நானே கட்டிவிட்டேன். ரசீதைக் காட்டினேன். "அந்த 25-க்கும் வரிக் கழிவு உங்களுக்குத்தான்யா போகும்" என்று வருத்தப்பட்டுக்கொண்டு போகிறார்.