பின்பாட்டு என்று யார் சொன்னது?

ராக் இசைக்குழுக்களை நேரில் பார்த்துவிட்டு வந்த ஆண்கள் அதைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு தொனி வைத்திருக்கிறார்கள். அதில் கிடார் அழும், டிரம்ஸ் நெஞ்சுக்கூட்டில் அறையும், சொல்கிறவருக்குக் கண் கலங்கும். ரோலிங் ஸ்டோன்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். அறுபதை நெருங்கிய மிக் ஜாகர் மேடையில் எத்தனை முறை குறுக்கே ஓடினார் என்று எண்ணி வைத்திருப்பார்கள். கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு ஐந்தே கம்பியில் வாசிப்பது ஏன் என்று அரைமணி நேரம் விளக்குவார்கள். அதே மேடையில் நின்று பாடிய பெண் யார் என்று கேளுங்கள். "பேக்கிங் வோக்கல்ஸ்" என்பார்கள். அதோடு முடிந்தது.

நேரில் பார்த்தவள் என்ற உரிமையில்தான் பேசுகிறேன். 2003 ஏப்ரல் 4, பெங்களூர் அரண்மனை மைதானம். முனைவர் பட்ட ஆய்வில் இருந்த நான், உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, மூன்று சீனியர்களோடு பஸ் ஏறிப் போயிருந்தேன். மழை கொட்டியது. சேற்றில் செருப்பு புதைந்தது. எனக்கு முன்னால் ஆண் முதுகுகள், முதுகுகளின் மேல் இன்னும் சில ஆண்கள். (எந்த மைதானத்துக்குப் போவதானாலும் பெண்கள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் போகிறோம். ரசிகர்களின் நினைவுக் குறிப்பு எதிலும் இந்தத் தாகம் பதிவாகாது.) முதுகுகளுக்கு நடுவே கிடைத்த சந்தில்தான் லிசா ஃபிஷரைப் பார்த்தேன். பக்கவாட்டில், சற்றுப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் குரல் மட்டும் பின்னால் நிற்கவில்லை. ஜாகர் சொற்களைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்க, அந்தக் குரல் அடியிலிருந்து பாட்டைத் தூக்கிப் பிடித்தது. மழையில் முக்கால்வாசி ஓசை கரைந்துபோன பிறகும் அது என்னிடம் வந்து சேர்ந்தது.

திரும்பும் பஸ்ஸில் கிருஷ்ணகிரி வரைக்கும் பேச்சு ஓயவில்லை. கிடார், டிரம்ஸ், ஜாகரின் இடுப்பு. நான் லிசா ஃபிஷரைப் பற்றி ஆரம்பித்தேன். ஒரு அண்ணன் சொன்னார்: "அந்தக் கறுப்புப் பொண்ணா? நல்லா ஆடுச்சு."

அவர் பாடியதைக் கேட்காமல் ஆடியதை மட்டும் பார்த்துவிட்டு வர முடிகிறது. அவர் 'ஆடுச்சு' ஆகிறார், ஜாகர் 'ஆடினார்' ஆகிறார். தமிழ் இலக்கணம் படித்தவர்தான் அந்த அண்ணன், அஃறிணை எது என்று அவருக்குத் தெரியும். 1989 முதல் 2015 வரை ஸ்டோன்ஸின் பயணங்களில் உடன் போய்ப் பாடியவர் லிசா ஃபிஷர். தன் சொந்தப் பாட்டுக்காகக் கிராமி விருது பெற்றவர். கால் நூற்றாண்டு ஒரு மேடையில் நின்றவரைக் குழுவின் உறுப்பினர் என்று யாரும் சொன்னதில்லை. 1990களின் தொடக்கத்தில் பில் வைமன் விலகிய பிறகு பேஸ் கிடார் வாசிக்க வந்த டாரில் ஜோன்ஸும் அப்படித்தான், இன்றுவரை உடன் வாசிப்பவர், உறுப்பினர் இல்லை. அவர் ஆண், ஆனால் கறுப்பர். ஆக இந்த வாசலில் பால் மட்டும் காவல் நிற்கவில்லை. லிசா ஃபிஷருக்கு இரண்டு பூட்டு.

'கிம்மி ஷெல்டர்' என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். ரசிகர்கள் உயிரை விடும் பாட்டு. 1969இல் லாஸ் ஏஞ்சல்ஸில், நள்ளிரவை ஒட்டி, மெர்ரி கிளேட்டன் என்ற கறுப்பினப் பாடகிக்கு ஸ்டுடியோவிலிருந்து அழைப்பு போகிறது. அவர் கருவுற்றிருக்கிறார். தலையில் சுருள் உருளைகளோடு படுக்கப் போனவர் அப்படியே எழுந்து போகிறார். பெண்ணுடல்மேல் நிகழும் வன்முறையைச் சொல்லும் வரியை அவரைப் பாடச் சொல்கிறார்கள். மூன்றாவது முறை உச்சத்தில் அவர் குரல் உடைகிறது, பின்னாலிருந்து ஒரு ஆண் உற்சாகமாகக் கூவுகிறார். இரண்டும் பதிவில் இன்றைக்கும் கேட்கும். பிறகு அவருடைய கரு கலைந்தது. இசைத்தட்டு வெளிவந்தபோது அவருடைய பெயரையும் பிழையாக, 'மேரி' என்று அச்சிட்டார்கள்.

இந்தக் கதையை ரசிகர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். ருசித்துச் சொல்கிறார்கள். சுருள் உருளை, நள்ளிரவு, உடைந்த குரல் எல்லாம் சேர்ந்து குழுவின் மகத்துவத்துக்குச் சான்றாகின்றன. அவருடைய வலி ஸ்டோன்ஸின் புகழ்க் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

தமிழில் பின்பாட்டு என்றால் முன்னவன் சொல்வதற்கு ஒத்து ஊதுவது. அந்தப் பொருளைத் தலைமேல் வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண்களைப் பார்க்கிறோம். ஆனால் அதே தமிழில், புறநானூற்றின் 11ஆம் பாட்டில், பேய்மகள் இளவெயினி என்ற பெண் புலவர் வேறொரு மேடையைக் காட்டுகிறார். அங்கே வீரத்தைப் பாடுகிறவள் பாடினி. பாணன் அவள் குரலுக்கு இசைந்து வாசிக்கிறவன். இழை முதலில் அவளுக்கு, பொற்பூ பிறகு அவனுக்கு. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்த மழை மைதானம் நினைவுக்கு வந்துவிடும்.

"இசையை இசையாகப் பார்க்கக்கூடாதா?" என்று உடனே கேட்பார்கள். பார்க்கலாமே, முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். 1971இல் வந்த 'பிரவுன் ஷுகர்' அடிமைப் பெண்களைச் சவுக்கால் அடிப்பதையும் வன்புணர்வதையும் துள்ளலாகச் சொல்லும் பாட்டு. 1976இல் 'பிளாக் அண்ட் ப்ளூ' தொகுப்புக்கு விளம்பரமாக, கட்டிப்போட்ட, கன்றிய உடலோடு ஒரு பெண்ணைச் சன்செட் சாலையில் பேனராக நிறுத்தினார்கள். பெண்கள் திரண்டு எதிர்த்தபிறகுதான் அது இறங்கியது. இதையெல்லாம் வைத்தவர்கள் அவர்கள். சுட்டிக்காட்டினால் இசைக்குள் அரசியலைக் கொண்டுவந்தவள் நானாகிவிடுகிறேன். 2021 அமெரிக்கப் பயணத்தில் ஸ்டோன்ஸே 'பிரவுன் ஷுகரை'ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்களைவிட அதிகம் துக்கம் காத்தவர்கள் நம் ஊர் ரசிகர்கள்.

அப்படியானால் ஏன் போனாய் என்பது அடுத்த கேள்வி. இந்த இசை எனக்கும் உரியது, அதனால் போனேன். அதைச் சில ஆண்கள் சேர்ந்து செய்ததாகச் சொல்லும் கதையைத்தான் நான் ஏற்கவில்லை. 1964இல் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தின் மழை நனைத்த நடைமேடையில், சிஸ்டர் ரோசெட்டா தார்ப் கோட்டும் எலக்ட்ரிக் கிடாருமாக வந்து நின்று வாசித்தார். ஆங்கிலேய இளைஞர்கள் எதிர்ப்புற நடைமேடையில் உட்கார்ந்து பார்த்தார்கள். அப்போது ஸ்டோன்ஸ் அரும்பு மீசைப் பையன்கள். அந்தப் படப்பதிவு இன்றும் கிடைக்கிறது. கிடாரின் வரலாறு சொல்லும் நண்பர்களுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறேன். "சூப்பர்" என்று பதில் வரும், அடுத்த வரியிலேயே கீத் ரிச்சர்ட்ஸுக்குத் திரும்பிவிடுவார்கள்.

மெர்ரி கிளேட்டன் 1970இலேயே 'கிம்மி ஷெல்டரை'த் தன் பாட்டாகப் பாடி, அதையே தன் முதல் தனித் தொகுப்புக்குப் பெயராகவும் வைத்தார். 2014இல் ஒரு கார் விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். 2021இல் மீண்டும் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் எல்லாப் பாட்டிலும் முன்னால் நிற்பது அவர் குரல்தான்.