கடல் காக்கக் கணினியும் வேண்டும்

பெங்களூருவின் தென்கோடியில், ஓசூர் சாலையை ஒட்டி விரிந்து கிடக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் கடலுக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதாகத் தோன்றாது. கிழக்கே சென்னைக் கடற்கரையாயினும் மேற்கே மங்களூர்க் கடற்கரையாயினும், அங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவு. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1970-களின் இறுதியில் உருவாக்கத் தொடங்கிய இத்தொழில்நகரில் இன்று தமிழக இளைஞர்கள் பெரும் எண்ணிக்கையில் பணியாற்றுகின்றனர். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஊர் திரும்புவதற்காக ஓசூர் சாலையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் கூட்டமே அதற்குச் சான்று. அக்கூட்டத்தில் தூத்துக்குடி, இராமநாதபுரம், நாகப்பட்டினம் போன்ற கடலோர மாவட்டத்துப் பிள்ளைகளும் உண்டு.

திமிங்கிலம், ஓங்கில், ஆவுளியா எனப்படும் கடற்பசு ஆகிய கடற்பாலூட்டிகளைப் பற்றிய ஆய்விலோ பாதுகாப்பிலோ பங்கேற்க வேண்டும் என்ற ஆர்வம் இந்த இளைஞர்களில் சிலருக்கேனும் இருக்கும். ஆனால், அத்தகைய ஆய்வு என்றவுடன் படகும் தொலைநோக்கியும் முக்குளிப்பு உடையுமே நினைவுக்கு வருகின்றன. அயல்நாடுகளில் கட்டணம் செலுத்திச் சேரும் தன்னார்வத் திட்டங்கள் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எட்டாதவை. எனவே, இது உயிரியல் படித்தவர்களின் துறை, வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று அவர்கள் ஒதுங்கிவிடுகின்றனர். இந்த எண்ணம் மாற வேண்டும். மாற்ற வேண்டிய பொறுப்பு அரசுக்கும் நிறுவனங்களுக்கும் இருக்கிறது.

இந்தியக் கடற்பரப்பில் ஏறத்தாழ 30 வகைத் திமிங்கிலங்களும் ஓங்கில்களும் பதிவாகியுள்ளன. பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் 1979-ஆம் ஆண்டிலேயே இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவித்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இவ்வினங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. 2013-இல் ஓங்கில்களை அடைத்து வைத்து வேடிக்கை காட்டும் காட்சியகங்களுக்கு மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2020-ஆம் ஆண்டு சுதந்திர தின உரையில் பிரதமர் ஓங்கில் பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தார். சட்டத்திலும் அறிவிப்பிலும் குறை சொல்வதற்கு அதிகமில்லை. குறை இருப்பது கணக்கில்தான்.

கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து நதிகளில் 6,327 ஓங்கில்கள் இருப்பதாக 2025 மார்ச் மாதம் வெளியான கணக்கெடுப்பு கூறுகிறது. நதிக்குக் கரைகள் உண்டு, எண்ணிவிடலாம். கடலில் எத்தனை ஓங்கில்கள் வாழ்கின்றன, அவற்றில் எத்தனை ஆண்டுதோறும் வலைகளில் சிக்கி மடிகின்றன என்பதற்கு அத்தகைய உறுதியான விடை இல்லை. இந்தியப் பெருங்கடலில் சூரை மீன்பிடிக்கும் செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை ஏறத்தாழ 41 லட்சம் சிறு திமிங்கிலங்களும் ஓங்கில்களும் சிக்கியிருக்கக்கூடும் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சிதறிக் கிடந்த பதிவுகளைத் திரட்டிச் செய்யப்பட்ட மதிப்பீடே அது. மூலப் பதிவுகள் பெருகினால்தான் மதிப்பீடு திருந்தும்.

பதிவின் அருமையைத் தூத்துக்குடிக் கரை இருமுறை உணர்த்தியது. 1973 ஜனவரியில் அங்கு 147 குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. 43 ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில் திருச்செந்தூர் வட்டாரத்து மணப்பாடு கரையோரம் அதே இனத்தைச் சேர்ந்த 80-க்கும் மேற்பட்டவை மீண்டும் ஒதுங்கின. மீனவர்கள் இரவு முழுவதும் அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட முயன்றனர். பல மீண்டும் கரைக்கே திரும்பின. இரண்டாவது நிகழ்வை முதலாவதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் கரையில் நின்று அளவெடுத்து எழுதி வைத்ததுதான். அன்று எவரும் எழுதி வைத்திராவிட்டால், 2016-இல் நிகழ்ந்தது முன்னெப்போதும் நிகழாத விந்தை என்றே கருதப்பட்டிருக்கும்.

அன்று அளவுநாடாவும் குறிப்பேடும் செய்த பணியை இன்று புகைப்படமும் கணினியும் சேர்ந்து செய்கின்றன. கூனல் திமிங்கிலத்தின் வால் துடுப்பின் அடிப்புறத்தில் காணப்படும் கோலம், மனிதரின் கைரேகையைப் போலத் திமிங்கிலத்துக்குத் திமிங்கிலம் வேறுபடும். ஓங்கிலுக்கு முதுகுத் துடுப்பின் வெட்டுகளும் தழும்புகளும் அடையாளம். ஒரு காலத்தில் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான படங்களைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது அதைக் கணினி நிரல் நொடிகளில் செய்துவிடுகிறது. ஆய்வாளர்களும் சுற்றுலாப் பயணிகளும் எடுத்த படங்களை 'ஹேப்பிவேல்' என்ற அமைப்பு இவ்வாறு ஒன்றுதிரட்டியது. அதன் பயனாக, வட பசிபிக் பெருங்கடலில் 2012-இல் ஏறத்தாழ 33,500 ஆக இருந்த கூனல் திமிங்கிலங்கள் 2021-இல் சுமார் 26,700 ஆகக் குறைந்தது தெரியவந்தது. அங்குக் கடல் நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமடைந்ததோடு அந்த வீழ்ச்சியை அறிவியலாளர்கள் தொடர்புபடுத்தினர். படங்களைத் திரட்டாமல் இருந்திருந்தால், அந்த வீழ்ச்சி எவர் கண்ணிலும் பட்டிருக்காது.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் தொடங்குகிறது. 2022-இல் இதே அமைப்பு, 28 ஆய்வு அமைப்புகள் அளித்த படங்களைக் கொண்டு, திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் தனித்தனியே அடையாளம் காணும் நிரல் எழுதும் போட்டியை இணையத்தில் நடத்தியது. 30 இனங்களைச் சேர்ந்த 15,000-க்கும் மேற்பட்ட விலங்குகளின் படங்கள் பொதுவில் வைக்கப்பட்டன. உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் பங்கேற்கலாம். கடலைக் கண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கடலடி ஒலிவாங்கிகள் பதிவு செய்யும் பல்லாயிரம் மணிநேர ஒலியிலிருந்து ஒரு திமிங்கிலத்தின் குரலைப் பிரித்தெடுப்பதும் இத்தகைய பணியே. எலெக்ட்ரானிக் சிட்டியின் மென்பொருள் பொறியாளர்கள் அன்றாடம் வங்கிகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் செய்து தரும் வேலையிலிருந்து இது பெரிதும் வேறுபட்டதன்று.

அப்படியானால் இந்தியத் திமிங்கிலங்களுக்கு அவர்கள் ஏன் இதைச் செய்யவில்லை? அவர்கள் கையில் தரவு இல்லை என்பதே விடை. அரபிக்கடலின் கூனல் திமிங்கிலங்கள் மிகவும் அருகிவிட்ட தனிக்கூட்டம். ஓமன் கடற்பகுதியில் அவை நூற்றுக்கும் குறைவு என மதிப்பிடப்பட்டுள்ளது. அங்கு 2017-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட 'லுபான்' என்ற பெண் திமிங்கிலம் அரபிக்கடலைக் கடந்து, இந்தியாவின் தென்முனை வரை வந்தது. அந்த இனம் நம் கரையோரமும் உலவுகிறது என்பதற்கு அது மறுக்க முடியாத சான்று. இந்தியக் கரையில் எடுக்கப்படும் ஒரு வால் படம் ஓமன் படத்தோடு பொருந்தினால், இரு நாடுகளின் பாதுகாப்புக் கொள்கையே மாறலாம். அத்தகைய படங்கள் மீனவர்களின் கைப்பேசிகளிலும் அரசுத் துறைகளின் கோப்புகளிலும் முடங்கிக் கிடக்குமாயின் யாருக்கு என்ன பயன்?

ஆர்வலர்கள் தம்மளவில் முயலாமல் இல்லை. இந்தியக் கடற்பாலூட்டிப் பாதுகாப்பு வலையமைப்பு என்னும் ஆய்வாளர் கூட்டமைப்பு, கடலில் காணப்பட்டவை, கரையொதுங்கியவை பற்றிய பதிவுகளைப் பொதுத் தொகுப்பாகத் திரட்டி வந்துள்ளது. கரையொதுங்கும் பெரிய கடல்வாழ் உயிரினங்களைக் கையாளும் நெறிமுறைகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 ஜனவரியில் வெளியிட்டது. அடுத்த படியாக, அரசுப் பணத்தில் திரட்டப்படும் படங்களையும் ஒலிப்பதிவுகளையும், வேட்டைக்காரர்களுக்குத் துணைபோகாத வகையில் இடக்குறிப்பை மறைத்து, பொதுவில் வைக்க அமைச்சகம் முன்வர வேண்டும். காசு செலவின்றிப் பணியாற்ற ஆயிரம் கைகள் காத்திருக்கும்போது, கதவைச் சாத்தி வைப்பது அறிவுடைமையாகாது.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. தரவின் ஊற்றுக்கண் மீனவர்கள்தான். பாக் நீரிணையில் ஆவுளியாவை முதலில் காண்பவரும், வலையில் சிக்கினால் அறுத்துவிட வேண்டியவரும் அவர்களே. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, நாட்டின் முதல் ஆவுளியா பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. 2025-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அங்கீகாரமும் அதற்குக் கிடைத்தது. நாட்டில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 240 ஆவுளியாக்களே என்றும், அவற்றில் பெரும்பாலானவை தமிழகக் கடற்பகுதியில் வாழ்கின்றன என்றும் அரசு கூறுகிறது. வலையில் சிக்கும் ஆவுளியாவை விடுவிக்கும் மீனவர்களைப் பாராட்டிப் பரிசளிக்கும் வழக்கம் அங்கு உருவாகியிருப்பது வரவேற்கத்தக்கது.

ஆனால் அச்சம் இன்னும் அகலவில்லை. தற்செயலாக ஓர் ஓங்கில் வலையில் இறந்துவிட்டால், சட்டத்துக்கு அஞ்சி அதைச் சொல்லாமல் கடலிலேயே விட்டுவரும் மீனவரைக் குறை கூற முடியுமா? சொன்னால் வழக்கு வரும் என்ற நிலையில், சொல்லாதிருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. ஆய்வுக்கு அதுவே பேரிழப்பு. வேண்டுமென்றே வேட்டையாடுபவரையும் தற்செயலாக வலையில் சிக்கியதை நேர்மையுடன் தெரிவிப்பவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிப்பதற்காக வலையை அறுக்கும் மீனவருக்கு ரூ.25,000 வரை இழப்பீடு வழங்கும் திட்டத்தை மகாராஷ்டிர அரசு 2018-இல் கொண்டு வந்தது. பிற கடலோர மாநிலங்களும் அதைப் பின்பற்ற வேண்டும். தகவல் தருபவர் மீது வழக்கு இல்லை என்ற உறுதியை மத்திய அரசு எழுத்தில் அளிக்க வேண்டும்.

மீனவர்களின் பிழைப்புக்கே வழியில்லாதபோது ஓங்கில் ஆய்வு எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. கேள்வி நியாயமானதே, ஆனால் ஆய்வும் பிழைப்பும் இன்று ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன. அமெரிக்கா 2016-இல் வகுத்த விதியின்படி, அந்நாட்டுக்குக் கடலில் பிடித்த மீன்களை ஏற்றுமதி செய்யும் நாடுகள், தங்கள் மீன்பிடிப்பால் கடற்பாலூட்டிகளுக்கு நேரும் பாதிப்பைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்துவதாக மெய்ப்பிக்க வேண்டும். பலமுறை தள்ளி வைக்கப்பட்ட அவ்விதியின் தடைப்பிரிவு நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஜனவரி 1 குறிக்கப்பட்டது. இதை முன்னிட்டே இந்தியாவில் கடற்பாலூட்டிகளின் இருப்பை மதிப்பிடும் ஆய்வுக்குக் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் நிதியளித்தது. நாளை கணக்குக் காட்ட முடியாமல் போனால் அடி விழுவது ஏற்றுமதியாளருக்கு மட்டுமன்று. கட்டுமரத்தில் செல்பவரின் வீட்டு உலையிலும் அது விழும்.

இந்த இரு தரப்பாரையும் இணைக்கும் பாலம் ஒன்று வேண்டும். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஈட்டும் நிறுவனங்கள் நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட்டாக வேண்டும். விலங்கினப் பாதுகாப்பு அப்பணிகளுள் ஒன்று. மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுவனங்கள் நிறைவடைந்துவிடலாகாது. அந்நிதியில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, பாக் நீரிணை, மன்னார் வளைகுடா மீனவக் குடும்பத்து இளைஞர்களை மாத ஊதியத்துடன் பதிவாளர்களாக அமர்த்தலாம். அவர்கள் அனுப்பும் படங்களையும் குறிப்புகளையும் தொகுத்து ஆராயும் நிரல்களை எழுத, விரும்பும் பொறியாளர்களுக்கு ஆண்டில் சில வேலை நாள்களை ஒதுக்கலாம். எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே இயங்கும் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமும், உயிரித் தகவலியலும் பயன்பாட்டு உயிரித் தொழில்நுட்பமும் கற்பிக்கும் நிறுவனமும் இதற்கு வழிகாட்ட இயலும். வெளியாகும் ஆய்வறிக்கையில் பொறியாளரின் பெயரோடு பதிவாளரின் பெயரும் இடம்பெற வேண்டும். கூலிக்குப் படகோட்டியவராக மீனவரை ஒதுக்கும் பழக்கம் இனியும் தொடரக் கூடாது.

முழுநேரமாகவே இத்துறைக்கு வர விரும்புவோருக்கும் பாதைகள் உள்ளன. அதே பெங்களூருவில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் வன உயிரியலில் முதுநிலைப் படிப்பை நடத்தி வருகிறது. டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனம் இருக்கிறது. ஆவுளியா மீட்புத் திட்டத்தை நடத்துவதும் அதுவே. தமிழகத்திலோ பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையமும் பல்லாண்டுக் காலமாக இயங்குகின்றன. வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. அவற்றை எடுத்துச் சொல்வாரும் இணைப்பாருமே குறைவு.

எலெக்ட்ரானிக் சிட்டியில் அமர்ந்து ஆர்க்டிக் கடலின் திமிங்கிலத்துக்கு நிரல் எழுத முடியும் என்றால், மணப்பாட்டுக் கரையின் திமிங்கிலத்துக்கும் எழுத முடியும். ஊருக்குச் செல்லும் பேருந்தில் ஏறும் அந்த இளைஞரின் தந்தையோ மாமனோ கடலில் காண்பது என்னவென்று கேட்டு எழுதுவதிலிருந்தே அது தொடங்கலாம். தரவைத் திறந்துவிடும் துணிவு தில்லிக்கும், ஊதியம் கொடுக்கும் மனம் நிறுவனங்களுக்கும் வருமா என்பதே கேள்வி. மணப்பாட்டில் நடந்தது மீண்டும் ஒரு முறை நடக்கும் முன் அதற்கு விடை கிடைத்தாக வேண்டும்.