பேரங்காடியும் நமது சங்கக் கடையும்

ஞாயிறு மாலையில் மேடவாக்கம் கூட்டுச் சாலையில் நின்று பார்த்த அங்கத்தினர்கள் அறிவர். வேளச்சேரிப் பக்கம் செல்லும் பேருந்துகளில் கால் வைக்க இடம் இராது. 2013-ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பெற்ற ஃபீனிக்ஸ் பேரங்காடிக்குப் பிள்ளைகுட்டிகளோடு புறப்பட்ட குடும்பங்கள் அக்கூட்டத்தில் பல. இதனைக் கண்டு, நமது சங்கமும் அங்கே ஒரு கடை பிடித்தல் வேண்டும் என்று வாதிடுவோர் நம்மிடையே உளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை.

இத்தகைய அங்காடிகளில் வாடகை வசூலாகும் முறையை முதலில் நோக்குவோம். பொதுவாகக் குறைந்தபட்ச வாடகை என்று ஒன்று உண்டு. விற்பனையில் குறித்ததொரு விகிதம் அதனை மிஞ்சுமாயின் அவ்விகிதத்தையே செலுத்த வேண்டும். பராமரிப்புக் கட்டணம் தனி. கூட்டத்தை இழுத்து வரும் பெருங்கடைகளுக்குச் சதுர அடி வாடகை குறைவு. அவற்றை ஒட்டி நிற்கும் சிறு கடைகளுக்கே அதிகம். (சலுகை வேண்டாதவருக்கே சலுகை கிடைப்பது வியாபாரத்தில் புதிதன்று.) ஒரு கைத்தறிச் சேலையின் விலையிலிருந்து இவ்வளவையும் கட்ட முற்படின், ஈற்றில் குறைவது நெசவாளியின் கூலியே. கீரைக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆயினும் மக்கள் அங்கே செல்வதற்குக் காரணம் குளிர்சாதனம் மட்டுமன்று. ஒவ்வொரு பொருளிலும் விலை எழுதியிருக்கிறது. கழிப்பறை தூய்மையாக இருக்கிறது. வாங்காமல் திரும்பினாலும் முகம் சுளிப்பார் இல்லை. இவற்றிற்கு என்ன பெருஞ்செலவு? நமது கடைகளிலோ, வேலைக்குச் சென்றவர் வீடு திரும்பும் வேளையில் கதவை அடைக்கின்றோம். ஞாயிறன்று விடுமுறையும் விடுகின்றோம்!

இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட தொழிலாளர்கள் 1844 டிசம்பர் 21-ஆம் நாள் தங்கள் கூட்டுறவுக் கடையைத் திறந்தனர். அவர்கள் விற்றவை மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பண்டங்களே. தொடக்கத்தில் அக்கடை வாரத்தில் இரண்டே நாள், அதுவும் மாலையில்தான், திறந்திருந்தது. ஆலை வேலை முடிந்து வருவோருக்கு ஒழிந்த நேரம் அதுவே. கூட்டுறவின் முன்னோடிகள் அறிந்திருந்ததை நாம் எவ்வாறு மறந்தோம்?

பெரும்பாக்கத்திலும் சித்தாலப்பாக்கத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியுள்ளன. அவர்கள் கடந்து செல்லும் கூட்டுச் சாலையருகே, துணியும் காய்கறியும் ஒரே கூரையின் கீழ் வைத்து, மாலை 5 முதல் 9 மணி வரை, ஞாயிறு உட்பட, ஒரு கடை நடத்துவோம் என்பதே நமது யோசனை. இரவு நேர ஊழியருக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டிவரும். முதலாண்டில் லாப ஈவு குறையவும் கூடும். இதனை மறைப்பதற்கில்லை. அடுத்த பொதுச்சபையில் இதனைத் தீர்மானமாகவே கொண்டுவர எண்ணுகின்றோம். மறுக்க விரும்பும் அங்கத்தினர்கள் கணக்கோடு வருவார்களாக.