சூல்வலிப்பும் தாயத்தும்

வடகரை முதலான மலையடிவாரத்து ஊர்களிலாகட்டும், நமது நாட்டின் வேறு எந்த மூலையிலாகட்டும், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்குத் திடீரென்று கைகால் இழுத்து, கண் செருகி, வாயில் நுரை தள்ளினால் வீட்டார் முதலில் யாரைத் தேடுகிறார்கள்? கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், விபூதி போடுவதும், தாயத்துக் கட்டுவதும், ஓதின தண்ணீர் தெளிப்பதும் அடியோடு ஒழிந்துவிட்டதாக யாராவது மார்தட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்கின்றோம்.

இது பேயுமல்ல, முன்ஜென்ம வினையுமல்ல. சூல்வலிப்பு என்பது ஒரு நோய். கர்ப்பத்தில் 20 வாரத்துக்குப் பின், நஞ்சுக்கொடியில் ஏற்பட்ட கோளாறு காரணமாகத் தாயின் இரத்த அழுத்தம் ஏறி, மூளை தாக்கப்படுவதால் வருவது. பெரும்பாலும் அது சொல்லாமல் வருவதுமில்லை. அழுத்தம் 140க்கு 90 என்ற அளவை எட்டுவது, சிறுநீரில் புரதம் காண்பது, தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் வீங்குவது ஆகிய இவைகளே அதன் முன்னறிவிப்புகள்.

மருந்தும் கைவசம் இருக்கிறது. பேதியுப்பு என்கிறோமே, அந்த மெக்னீசியம் சல்பேட்டைத்தான் மருத்துவர்கள் சுத்தப்படுத்தி ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். (வீட்டில் கரைத்துக் குடித்தால் பயனில்லை.) 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் சோதித்து 2002-ல் வெளியிட்ட முடிவில், வலிப்பு வருவது பாதிக்கு மேல் குறைந்ததாகக் கண்டார்கள். எந்தத் தாயத்தை எந்த நாட்டில் இப்படி எண்ணிப் பார்த்தார்கள்?

நிற்க, பெண்ணைக் குறை கூறுவது அக்கிரமமாகும். தலைவலி என்றவளை வேலைக்கள்ளி என்று வாயடைப்பது யார்? ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, வேண்டாமா என்று தீர்மானிப்பது அவளா? புருஷனும் மாமியாரும் அல்லவா! மேலும், முதற்கர்ப்பத்திலும் இளவயதுக் கர்ப்பத்திலும் இந்நோய் அதிகம். பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய பெண்ணுக்குத் தாலி கட்டிவைத்துவிட்டு, பிறகு விதியின்மேல் பழிபோடுவது என்ன நியாயம்?

ஆகவே தோழர்களே! கர்ப்பிணிக்குத் தவறாமல் இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கச் செய்யுங்கள். வலிப்பு வந்தால் இடப்பக்கமாய்ச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் ஒன்றும் போடாமல், உடனே 108-க்குச் சொல்லுங்கள். செங்கோட்டையிலும் தென்காசியிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பிள்ளை பிறந்த பிறகும் சில வாரங்கள் இந்த ஆபத்து உண்டு. ஆதலால் தீட்டு என்று அவளை மூலையில் ஒதுக்கிவைத்து, கவனியாமல் விட்டுவிடாதீர்கள். மந்திரிக்கிறவருக்காகக் காத்திருக்கும் ஒரு மணி நேரந்தான் பல தாய்மார்களைக் கொல்லுகின்றது என்பதே நமது அபிப்பிராயம்.