சாத்தூர் கிரெடிட் கோவில்பட்டியில் செல்லாதா?

சாத்தூர் சேவு கோவில்பட்டிக்குப் போனாலும் சேவுதான். கோவில்பட்டி கடலைமிட்டாய் சாத்தூருக்கு வந்தாலும் கடலைமிட்டாய்தான். தீக்குச்சியும் அப்படியே. எந்த ஊர்க் குச்சியானாலும் உரசினால் பற்றிக்கொள்கிறது.

படிப்பு மட்டும் அப்படி இல்லை!

சாத்தூரில் படித்துப் பாஸ் செய்த பாடம், ரெயிலில் நள்ளி ஸ்டேஷனைத் தாண்டி கோவில்பட்டியில் இறங்கியதும், "இது எந்த ஊர்ப் பாடம்?" என்ற கேள்விக்கு ஆளாகிறது. சாத்தூர் கல்லூரி மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கோவில்பட்டிக் கல்லூரி நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நடுவே இருப்பது இருபது சொச்சம் கிலோமீட்டர். தினமும் வேலைக்குப் போய் வருகிற தூரம்.

ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குப் பட்டாசு ஆலையில் வேலை. பெண் சாத்தூரில் பி.காம். படிக்கிறாள். இரண்டு வருஷம் முடித்துவிட்டாள். நாலு செமஸ்டர், ஒரு அரியர் கிடையாது. திடீரென்று கல்யாணம் கூடி வருகிறது. மாப்பிள்ளைக்கு கோவில்பட்டி. "பொண்ணை நாங்க படிக்க வைக்கிறோம், கவலைப்படாதீங்க" என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். நல்ல மனசு. ஆனால் எங்கே படிப்பது? கோவில்பட்டியில் நேராக மூன்றாம் வருஷத்தில் உட்கார முடியுமா?

முடியாது என்று எந்த ஆபீசிலும் சொல்லமாட்டார்கள். "மனுப் போடுங்க, பார்க்கலாம்" என்பார்கள். அங்கேதான் ஆரம்பிக்கிறது அலைச்சல். டி.சி. வேண்டும். பழைய பல்கலைக்கழகத்தில் ஆட்சேபம் இல்லை என்ற சான்று வேண்டும். இரண்டு வருஷப் பாடத்திட்டத்தின் நகல் வேண்டும். அந்தப் பாடமும் இந்தப் பாடமும் ஒன்றுதானா என்று ஒரு குழு பார்க்க வேண்டும். பொருந்தாத பாடங்களைப் புதிதாக எழுத வேண்டும். புதுக் கல்லூரியில் காலி இடமும் இருக்க வேண்டும். இத்தனையும் கூடி வருவதற்குள் செமஸ்டர் பாதி ஓடியிருக்கும். "சரி, விடும்மா. அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். அந்த "அப்புறம்" பெரும்பாலும் வருவதே இல்லை.

கல்யாணம் ஒன்றுதான் காரணம் என்றும் இல்லை. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு பட்டாசில் பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது, சரவெடி செய்யக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. சிவகாசி வட்டாரத்துக்கு அது பெரிய இடி. ஆலையில் வேலை குறைந்தால் குடும்பம் திருப்பூருக்கோ கோவைக்கோ பஸ் ஏறுகிறது. கல்லூரியில் படிக்கிற பிள்ளையும் கூடவே போகிறது.

விபத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இப்படி ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நிவாரணத் தொகை அறிவிக்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் சம்பாதித்தவர் போய்விட்டார், பிள்ளைகள் தாத்தா வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ ஊர் மாறுகிறார்கள் என்றால், பாதியில் நிற்கிற படிப்பு என்ன ஆகும்? அந்த வினாவுக்கு எந்த அறிவிப்பிலும் பதில் இருப்பதில்லை.

பிடியரிசிக் கணக்கு

கிரெடிட் என்றால் என்ன என்று பல பெற்றோருக்குத் தெரியாது. கம்ப சூத்திரம் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு வீதம் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்துத் தேறினால் ஒரு கிரெடிட். அதாவது ஏறக்குறைய 15 மணி நேரம். இது பொதுக் கணக்கு. கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் மூன்று வருஷப் பட்டத்துக்கு 140 கிரெடிட் என்பது பழகிப்போன கணக்கு. 2008-09 வாக்கில் இந்த முறை நம் மாநிலக் கல்லூரிகளில் பரவலாக வந்தது.

விருதுநகர்க்காரர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். சத்திரிய வித்தியாசாலை எப்படி நடந்தது? வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். பிடி பிடியாகச் சேர்ந்த அரிசியில் பள்ளிக்கூடமே நடந்தது. காமராஜர் படித்தது அங்கேதான். கிரெடிட்டும் பிடியரிசி மாதிரிதான். பிடி பிடியாகச் சேர்த்தால் பட்டம். சேர்த்துவைத்த அரிசியை, "இது வேற வீட்டுப் பானையில இருந்தது" என்று யாராவது கீழே கொட்டுவார்களா?

கொட்டுகிறார்களே!

காமராஜர் சின்ன வயசிலேயே படிப்பை விட்டுவிட்டு மாமாவின் ஜவுளிக் கடைக்குப் போனவர். 1978-ல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். படிப்பு பாதியில் நிற்கிற கஷ்டம் என்னவென்று அந்தப் பெயருக்கே தெரியும்.

கோடு போட்டது யார்?

விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-ல் தொடங்கியபோது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, நெல்லை, நாகர்கோவில் எல்லாம் ஒரே குடை. 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்தது. தெற்கே உள்ள கல்லூரிகள் அதற்குப் போயின. கோவில்பட்டிக் கல்லூரியும் போயிற்று. வாத்தியார் மாறவில்லை, கட்டடம் மாறவில்லை, பெஞ்சுகூட மாறவில்லை. போர்டு மாறியது, அவ்வளவுதான். என்ஜினீயரிங் கல்லூரிகளுக்கும் இதே கதை. மதுரையின் கீழ் இருந்தவை 2001-க்குப் பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன.

ஆக, சர்க்கார் நினைத்தால் ஒரு கல்லூரியையே தூக்கி இன்னொரு பல்கலைக்கழகத்தில் வைக்கலாம். யாரும் அதன் தரத்தைச் சந்தேகிப்பதில்லை. ஒரு மாணவி தானாக இடம் மாறினால் மட்டும் அவள் படித்தது சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது! 1990-க்கு முன்பு சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே இந்தக் கோடே கிடையாது. அது நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு.

இதிலே இன்னொரு சிக்கல். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, விருதுநகர் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம். தரத்துக்கு அது நல்லதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே மாவட்டத்தில், ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தும், ஒரு கல்லூரியில் மூன்றாம் செமஸ்டரில் வருகிற பாடம் இன்னொன்றில் ஐந்தாம் செமஸ்டரில் வரலாம். இடம் மாறுகிற பிள்ளை ஒரே பாடத்தை இரண்டு தடவை படிக்கும், இன்னொன்றைப் படிக்காமலே விட்டிருக்கும்.

2023-ல் தமிழ்நாடு உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கல்லூரி மாறுகிறவர்களுக்கும், சர்க்கார் வேலைக்குப் போகும்போது "உன் பட்டம் சமானம்தானா?" என்று மாட்டிக்கொள்கிறவர்களுக்கும் தொல்லை தீரும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தன்னாட்சிக் கல்லூரிகள் எதிர்த்தன. பேராசிரியர்களில் பலரும் எதிர்த்தார்கள். எல்லோரும் ஒரே புத்தகத்தைத்தான் படிக்க வேண்டுமா என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. புத்தகம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. படித்த மணி நேரத்தை மதித்தால் போதும்.

ஐரோப்பாவில் 1989-லேயே அதைத்தான் தொடங்கினார்கள். ஒரு வருஷப் படிப்பு என்றால் 60 கிரெடிட் என்று வைத்துக்கொண்டார்கள். நாடு வேறு, பாஷை வேறு, புத்தகம் வேறு. ஒரு நாட்டில் படித்தது இன்னொரு நாட்டில் வரவு வைக்கப்படுகிறது.

டெல்லி பாங்கி

இந்தியாவிலும் ஒன்று இருக்கிறது. 2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு கிரெடிட்டுக்கு என்றே ஒரு பாங்கிக்கு விதி போட்டது. மாணவர் பெயரில் கணக்கு. பாஸ் செய்த கிரெடிட் அதில் ஏறும். அதிகபட்சம் ஏழு வருஷம் வரை செல்லும். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயசு வந்த பிறகும் தாய் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். கேட்கவே நன்றாக இருக்கிறது.

ஆனால் ஒரு விசித்திரம். கணக்கு மாணவருடையது, பணம் கட்டுகிற சலான் மட்டும் கல்லூரி கையில்! மாணவர் தாமாக மார்க் ஷீட்டைக் கொண்டுபோய் வரவு வைக்க முடியாது. நிறுவனம்தான் ஏற்ற வேண்டும். அது தாமதம் செய்தால் பாஸ் புத்தகம் வெறும் காகிதம்.

இந்த பாங்கி, 2020 தேசியக் கல்விக் கொள்கையின் பிள்ளை. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்க மறுத்தது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் தலைமையில் தனக்கென்று ஒரு குழுவையும் அமைத்தது. மறுத்ததற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. ஒரு வருஷம் படித்தால் சர்டிபிகேட், இரண்டு வருஷம் படித்தால் டிப்ளமா என்று வழியிலேயே இறக்கிவிடுகிற ஏற்பாடு அந்தக் கொள்கையில் இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது விருப்பம். கூலி வீட்டுப் பிள்ளைக்கு? "ஒரு சர்டிபிகேட்தான் வந்துடுச்சே, வேலைக்கு வா" என்று தீபாவளி சீசன் கூப்பிடும். 2023 பிளஸ் டூ தேர்வில் 97.85 சதவீதத்தோடு மாநிலத்திலேயே முதலாவதாக வந்த மாவட்டம் விருதுநகர். அந்தப் பிள்ளைகளை ஒரு வருஷத்தில் வெளியே அனுப்பக் கதவு வைப்பது வேண்டாத வேலை.

ஆனால் அதில் இருப்பது இரண்டு கதவு. ஒன்று படிப்பை விட்டு வெளியே போகிற கதவு. மற்றது ஒரு கல்லூரியிலிருந்து அடுத்த கல்லூரிக்குப் போகிற கதவு. முதல் கதவு பிடிக்கவில்லை என்பதற்காக இரண்டாவதையும் சாத்தி வைப்பானேன்? கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் டெல்லி எதற்கு? இரண்டு பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டுச் சட்டசபை போட்ட சட்டத்தால் நடப்பவை. ஒரே உயர்கல்வித் துறை. மந்திரி ஒருவர்தான்.

ஒரு கூட்டல் கணக்கு

டெல்லி விதியிலும் ஒரு முள் இருக்கிறது. பட்டம் கொடுக்கிற நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட் படித்திருக்க வேண்டும். சாத்தூர்ப் பெண்ணுக்குப் போட்டுப் பாருங்கள். 140-ல் இரண்டு வருஷத்துக்கு 93 முடித்தாயிற்று. பாக்கி 47. கோவில்பட்டியில் பட்டம் வாங்க வேண்டுமானால் அங்கே 70 படித்தாக வேண்டும். ஆக 23 கிரெடிட் வீண். ஏறக்குறைய ஒரு செமஸ்டர். பீஸ், பஸ் கட்டணம், புகுந்த வீட்டின் பொறுமை எல்லாம் அதிலே கரையும்.

அதையே திருப்பிப் போடுங்கள். கடைசி வருஷப் பாடத்தை கோவில்பட்டி சொல்லிக் கொடுக்கட்டும். அந்த 47 சாத்தூர்க் கணக்கில் ஏறட்டும். பட்டத்தை மதுரை கொடுக்கட்டும். பாதிக்கு மேல் அங்கேதானே படித்திருக்கிறாள்? ஒரு கிரெடிட்கூட வீணாகாது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இரண்டு துணைவேந்தர்கள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் ஆயிற்று.

எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் சமானம் என்ற பட்டியலை முன்கூட்டியே போட்டு கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் குழு எதற்கு, கூட்டம் எதற்கு? மனு வந்தால் 15 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு வைப்பதும் அவசியம். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு வரி இல்லாத ஆணை, ஆபீஸ் பீரோவில்தான் தூங்கும்.

சர்க்காருக்கும் இதில் நஷ்டம் உண்டு. புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கியது. சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு 24 ஆயிரம். கல்யாணத்தால் படிப்பு நிற்கக் கூடாது என்பதற்காகவே கொடுக்கிற பணம். அதைக் கொடுத்துவிட்டு, கல்யாணமாகி 20 கிலோமீட்டர் தள்ளிப் போனவளின் படிப்பை ஒரு காகிதத்தால் நிறுத்துவது என்ன கணக்கு?

ஜூன் மாதம் கல்லூரி திறக்கும் முன்பு செய்தால் அந்த வருஷமே பலன் தெரியும். அதுவரை, இடம் மாறப்போகிற பிள்ளைகளும் பெற்றோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி.சி. வாங்குவதற்கு முன்பே எல்லா செமஸ்டர் மார்க்கும் பாங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். படித்த எல்லாப் பாடத்துக்கும் பாடத்திட்ட நகல் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கல்லூரி முத்திரையும் முதல்வர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தில் முத்திரை விட்டுப் போனாலும் மறுபடி பஸ் ஏற வேண்டி வரும்.